ஸ்டெப்னிக்காகக் காரை உடைக்கலாமா?

ராணிப்பேட்டையிலிருந்து வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை செல்லும் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடைக்கும் பட்டறைக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தச் சாலையில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று பஞ்சராகி நின்று, டிக்கியின் பூட்டும் இறுகிப்போய் ஸ்டெப்னி உள்ளேயே மாட்டிக்கொண்டால், முதலில் கை போவது சுத்தியலுக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும்தான். அதற்கும் மசியாவிட்டால் டிரில்லிங் மெஷின் வரும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது உண்மையே. ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் கடைசியாகச் செய்ய வேண்டிய அந்த வேலையை முதலிலேயே செய்கிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும். அதை மாற்றும் பொறுப்பு வண்டிக்காரரை விட, கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் அரசுக்கே அதிகம் என்பது என் கருத்து.

பழைய வண்டிகள் காப்பாற்றப்பட வேண்டியவை என்பதை மத்திய அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் வாகன விதிகளின்படி, ஐம்பது ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாமல் பராமரிக்கப்படும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். ஒரு பூட்டு மாறியதற்காக யாரும் பதிவை மறுக்கப்போவதில்லைதான். ஆனால் அசல் என்பது ஒரே நாளில் போவதில்லை. இன்று பூட்டு, நாளை கைப்பிடி, அடுத்து டிக்கி மூடி என்று துண்டு துண்டாகத்தான் போகிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரான பிரிட்டிஷ் மாடல் கார். அதில் நான்கு கதவு வைத்த வண்டி இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவு ஒன்று நசுங்கினால் இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் மாற்று கிடைக்காது. தோலில் கத்தி தவறினால் மறுபடி ஒட்ட முடியாது என்பதைத் தோல் வேலையில் பழகிய ஆம்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தகரத்துக்கும் அதே நியாயம்தான்.

உடைக்காமல் திறக்க வழியில்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. பழைய பூட்டு பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை, இறுகிப்போகிறது. உள்ளே காய்ந்த கிரீஸும் தூசியும் துருவும் சேர்ந்து சில்லுகளைப் பிடித்துக்கொள்கின்றன. துருவை இளக்கும் எண்ணெயைச் சாவித் துளையில் சொட்டுச் சொட்டாக விட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே சாவியை இருபுறமும் சிறிது சிறிதாக அசைத்தால் பல பூட்டுகள் வழிக்கு வந்துவிடும். முறுக்கித் திருப்பினால் சாவி உள்ளேயே ஒடியும், பிறகு கதை வேறு. சாவி தொலைந்துவிட்டாலும் நம்பிக்கை போய்விடாது. அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் சாவி எண்ணைப் பூட்டின் முகத்திலேயே பொறித்திருப்பார்கள். ‘எஃப்.எஸ்.’ வரிசையை எடுத்துக்கொண்டால் 876 முதல் 955 வரை மொத்தமே 80 சாவிகள். எண் தெரிந்தால் வெட்டிக்கொள்ளலாம். சில வண்டிகளில் ஸ்டெப்னியை அடைத்திருப்பது பூட்டே அல்ல. 1950களின் டிரையம்ப் டி.ஆர்.2, டி.ஆர்.3 கார்களில் டிக்கிக்குக் கீழே, நம்பர் பிளேட்டைத் தாங்கும் சின்ன மூடிக்குப் பின்னால் ஸ்டெப்னி படுத்திருக்கும். ‘டி’ வடிவச் சதுரமுனைச் சாவியை விட்டுத் திருப்பினால் மூடி கையோடு வந்துவிடும். விஷயம் தெரியாதவர் அங்கே கடப்பாரையைச் செருகுவார். ஹெரால்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஸ்டெப்னி கிடக்கும் அதே டிக்கியின் இடப்புறத்தில்தான் பெட்ரோல் டேங்க். பழைய டேங்கில் கசிவு இருந்தால் மூடிய டிக்கிக்குள் ஆவி நிறைந்திருக்கும். அங்கே டிரில்லிங் மெஷினை வைப்பவர் பூட்டோடு மட்டும் விளையாடவில்லை.

நூறு இருநூறு ரூபாய் பூட்டுக்கு அரை நாள் கூலியா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் செலவு பூட்டோடு நிற்பதில்லை. நெம்பிய இடத்தில் மூடி வளையும், டிங்கர் வேலை வரும், பெயின்ட் வரும், அந்தப் பெயின்ட் பழைய நிறத்தோடு ஒட்டாது. எல்லாவற்றையும் கூட்டினால் அரை நாள் கூலி மலிவு. உடைக்காமல் திறக்கக் கற்றுக்கொடுத்தால் திருடனும் கற்றுக்கொள்வானே என்பது இன்னொரு ஆட்சேபம். 80 சாவிகளுக்குள் அடங்கும் பூட்டு என்றைக்குமே திருடனைத் தடுத்ததில்லை. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்த பிறகே கை வைப்பேன் என்று மெக்கானிக் கறாராக இருந்தால் போதும். நடுச்சாலையில், இரவில், குடும்பத்தோடு நிற்பவருக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்றால், வராதுதான். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் உடைக்கலாம், தப்பே இல்லை. ஆனால் வண்டியை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போன பிறகும் உடைப்பதற்கு என்ன சாக்கு இருக்கிறது?

பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்ற வாதத்தில்தான் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே உருவாக வேண்டும் என்பது அப்போது சொன்ன திட்டம். அதே ஜாகுவார் லேண்ட் ரோவர், தன் பழைய கார்களைச் செப்பனிடுவதற்காக 2017இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி அருகே தனிப் பணிமனை திறந்து, அதைத் தொழிலாகவே நடத்துகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர் பணக்காரராக இருக்கலாம். அதில் கை வைத்துச் சம்பாதிப்பவர் தொழிலாளி. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றியிருப்பது நல்ல காரியம். ரோபோவுக்கு அவ்வளவு செலவிட முடிந்த இடத்தில், ஃபிட்டர், மோட்டார் மெக்கானிக் பிரிவுகளில் பழைய பூட்டு, கீல், கைப்பிடிகளைச் சேதமில்லாமல் கழற்றி மாட்டும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றைச் சேர்ப்பது பெரிய சுமையல்ல. காயலான் கடையிலிருந்து எடைக்கு வாங்கிய பத்துப் பழைய டிக்கி மூடிகள் போதும், இந்த மாவட்டங்களின் ஐ.டி.ஐ.களிலேயே தொடங்கிவிடலாம். ஷூ கம்பெனிகளுக்குக் கட்டிங் டை செய்தும் தையல் மெஷினைப் பழுது பார்த்தும் பழகிய கைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். சொல்லிக்கொடுக்க ஆள் தேடி வெளியூர் போக வேண்டியிருக்காது.