மருந்துக்கும் பிறப்பு உண்டா?



வீட்டு நாய்க்குச் சொறி பிடித்து மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தாலும், கைகால் வெட்டி வெட்டி இழுத்துத் தள்ளாடினாலும், கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இரண்டு யோசனைகள் கிடைக்கும். ஒன்று, தெய்வக் குற்றம், மந்திரித்துக் கயிறு கட்டு என்பது. மற்றொன்று, கல்வராயன் மலை மூலிகை, கைகண்டது என்பது. மேல்நாடுகளில் இதே வியாதிகளுக்குச் சீனத்து மூலிகையை நாய்களுக்குக் கொடுக்கும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துப் பழமை என்பதுதான் அங்கும் சாட்சி, இங்கும் சாட்சி.

கயிற்றைப் பற்றிப் பேசத் தேவையில்லை. வைரவனுக்கு வடைமாலை சாத்துகிற பக்தன், அந்த வைரவனின் வாகனம் கோயில் வாசலில் சொறியோடு வந்து நின்றால் கல்லால் அடிக்கிறான். தன் வாகனத்தின் சொறியையே தீர்க்க முடியாத சாமி, உங்கள் வீட்டு நாயின் சொறியைத் தீர்க்குமா?

மூலிகை விஷயம் வேறு. நாம் மூலிகைக்கு விரோதிகள் அல்ல. பச்சிலையில் மருந்து உண்டு. ஆனால் இன்ன இலை இன்ன வியாதிக்கு மருந்து என்பதற்கு ருசு என்ன என்பதே நமது கேள்வி.

2015ம் வருஷத்து மருத்துவ நோபல் பரிசைப் பாருங்கள். அதில் பாதி, சீனத்துப் பழைய வைத்திய ஏட்டில் கண்ட ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்து எடுத்த தூ யூயூ என்ற அம்மையாருக்குப் போயிற்று. அவர் ஏட்டைக் கும்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. கொதிக்க வைத்தால் சத்து கெடுகிறதென்று கண்டு, ஈதரில் குறைந்த சூட்டில் வடித்து, எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்து, 1972ல் தானே உண்டு பார்த்து, அதற்குப் பிறகே நோயாளிக்குக் கொடுத்தார். மறுபாதி, ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்டின் என்ற மருந்து பிறக்கக் காரணமான ஓமுரா, கேம்பெல் என்ற இருவருக்குப் போயிற்று. தோலுக்குள் வளை பறித்துச் சொறியை உண்டாக்கும் சிறு பூச்சியைக் கொல்லக் கால்நடை மருத்துவர்கள் இந்த மருந்தையும் கொடுப்பதுண்டு. அதுவும் சில ஜாதி நாய்களுக்கு விஷமாகும். ஆகவேதான் அளவறிந்த மருத்துவர் வேண்டும் என்கிறோம்.

ஒன்று ஏட்டிலிருந்து வந்தது, மற்றொன்று மண்ணிலிருந்து வந்தது. இரண்டும் உயர்ந்தது பிறப்பினால் அல்ல, சோதனையில் தேறியதினால். பிறப்பினால் மனிதனுக்கு உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்லுகிற நாம், மருந்துக்கு மாத்திரம் பிறப்புப் பார்க்கலாமா?

பச்சிலைதானே, என்ன கெடுதல் என்பார்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீனத்து மூலிகை மாத்திரை தின்ற பல பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதில் அதே மாதிரிப் பெயருள்ள வேறொன்று கலந்ததே காரணம். நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனத்துச் செடிதான். ஆடு தீண்டாததை மனிதன் நாயின் வாயில் ஊற்றுகிறான்!

நிற்க, முக்கியமான விஷயம் இனித்தான். இழுப்பும் தள்ளாட்டமும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. வெறிநோயாகவும் இருக்கலாம். வெறிநோயின் குறி தோன்றிய நாயைச் சீனத்து மூலிகையும் காப்பாற்றாது, கல்வராயன் மூலிகையும் காப்பாற்றாது. ஆனால் கஷாயம் புகட்டுகிறவன் கைக்காயத்தில் அதன் எச்சில் பட்டால் அவனும் சாக நேரும். பட்டாலும் கடித்தாலும் உடனே சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் இலவச ஊசியைத் தவணை தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். குன்னூரில் 1907லேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்ட நாட்டில், இன்னும் நாய்க்கடிக்கு வேர் தின்று உயிர்விடுவது அறிவுடைமையாகுமா?

ஆகவே, நாய்க்கு வியாதி வந்தால் முதலில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வியாதி இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள். வருஷந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். சின்னசேலத்தை அடுத்த தலைவாசலில், 2021ல் நமது வரிப்பணத்தில் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறந்திருக்கிறார்கள். வெள்ளிமலை மக்கள் அறிந்த இலைகளை அங்கே சோதிக்கட்டும். தேறினால் தேறியது என்றும், தேறாவிட்டால் தேறவில்லை என்றும் ஊரறியச் சொல்லட்டும். தேறிய இலையின் லாபத்தில் அதைக் காட்டிக்கொடுத்த மலைவாழ் மக்களுக்குப் பங்கு கொடுக்கட்டும். அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை அதுதான். சோதிக்காத வேரைப் பொட்டலம் கட்டி அவர்கள் பேரைச் சொல்லி விற்பதல்ல.