நுரை எங்கே போகிறது?



போன மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பாத்திரம் கழுவும் திரவத்தின் காலிப் போத்தலை வகுப்புக்குக் கொண்டு வந்தாள். "சீனியிலிருந்து செய்தது, எளிதில் மட்கும்" என்று அதில் அச்சிட்டிருந்தது.

"மட்கும் என்று யார் பார்த்துச் சொன்னார்கள், ஐயா?" என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். உண்மையில் அன்று எனக்கே விடை தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் லயங்களில் துவைத்த நீரும் கழுவிய நீரும் கால்வாய் வழியே ஆற்றுக்குத்தானே போகின்றன!

1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது. அக்காலச் சலவைத் தூளில் இருந்த நுரைப்பொருள் கிளை கிளையாகப் பிரிந்த அமைப்புடையது. நீரில் வாழும் நுண்ணுயிர்களால் அதை எளிதில் தின்று தீர்க்க முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961-இல் இதற்கென்று சட்டமே இயற்றியது. அதன் பிறகு கிளையில்லாத நுரைப்பொருள்கள் வந்தன.

அந்தப் போத்தலில் இருந்தது அல்கைல் பாலிகுளுக்கோசைடு என்னும் வகை. மாவுச்சத்தில் கிடைக்கும் குளுக்கோசையும், தேங்காய் எண்ணெய் அல்லது நம் செம்பனை விதைப்பருப்பு எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு ஆல்கஹாலையும் இணைத்துச் செய்கிறார்கள். இப்படி இணைக்கும் வழியை 1893-இல் காட்டியவர் எமில் பிஷர்.

இதைச் சோதிக்கும் முறைகளில் ஒன்று, மூடிய போத்தல் சோதனை. தாது உப்புகள் கலந்த நீரில் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் நுரைப்பொருளைக் கலக்கிறார்கள். சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து சில துளிகள் விடுகிறார்கள். நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. காற்றுக்கு இடமில்லாமல் போத்தலை நிரப்பி மூடி, 28 நாள்கள் இருட்டில் வைக்கிறார்கள். நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன, நீரில் கரைந்த பிராணவாயு குறைகிறது. அந்தக் குறைவே கணக்கு.

12 கார்பன் சங்கிலியோடு ஒரு குளுக்கோஸ் சேர்ந்த பொருள் 2 மில்லிகிராம் முழுதும் எரிய, ஏறக்குறைய 4.4 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். அதில் 60 விழுக்காடு, அதாவது சுமார் 2.6 மில்லிகிராம் செலவானால் தேர்ச்சி. ஏன் 100 இல்லை? தின்றதில் ஒரு பங்கு நுண்ணுயிரின் உடம்பாகிவிடுகிறது. நாம் உண்ணும் சோறு முழுவதுமா மூச்சாகப் போகிறது?

நுரைப்பொருள் கலக்காத போத்தல் ஒன்றும் பக்கத்தில் இருக்கும். அதில் குறைந்த அளவைக் கழித்துவிட வேண்டும். எளிதில் சிதையும் சோடியம் அசிட்டேட் கலந்த இன்னொரு போத்தலும் உண்டு. அது 14 நாள்களுக்குள் 60 விழுக்காட்டைத் தொடாவிட்டால் சோதனையே செல்லாது. சீனி நுரைப்பொருள்கள் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகின்றன.

மறுநாள் இதைச் சொன்னதும் அந்தப் பெண் கேட்டாள்: "அப்படியானால் ஆற்றில் எவ்வளவு ஊற்றினாலும் பரவாயில்லையா, ஐயா?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. சாதாரண ஆற்றுநீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் பிராணவாயு 8 மில்லிகிராம் அளவுதான். நுண்ணுயிர் எடுத்துக்கொள்வது மீனின் மூச்சிலிருந்து. மட்கும் பொருளானாலும் அளவு மிஞ்சினால் மீன் திணறும்.

ஆகவே தாய்மார்களே, ஒரு கரண்டி போதுமான இடத்தில் ஒரு கரண்டியே ஊற்றுங்கள். போத்தலை ஆற்றில் அலசாதீர்கள். நம் பிள்ளைகள் தூண்டில் போடுவது அந்த ஆற்றில்தான்.