வரம்பு வைப்பது கஞ்சத்தனம் அல்ல

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எனக்கும் பல நாளாக ஒரு வழக்கு நடக்கிறது. விஷயம் கம்ப்யூட்டர் விளையாட்டு. இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று நினைக்காதீர்கள். இது பங்கீடு பற்றிய கேள்வி. பங்கீடு என்றால் ஒரு பழைய குமாஸ்தாவால் சும்மா இருக்க முடியாது.

பேரனும் அவன் சிநேகிதர்களும் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் என்ற பழைய துப்பாக்கிச் சண்டை விளையாட்டை அவரவர் வீட்டிலிருந்தபடியே ஆடுகிறார்கள். எல்லோரையும் இணைக்கும் சர்வர், எங்கள் மாடியில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஒரு ஆளுக்கு விநாடிக்கு இத்தனை பைட்டுக்கு மேல் அனுப்பாதே என்று அந்த சர்வரில் உச்சவரம்பு எழுதி வைக்கலாம். அந்தக் கட்டளைக்குப் பெயர் ‘எஸ்வி மேக்ஸ்ரேட்’. அதில் பூஜ்யம் போட்டால் வரம்பே கிடையாது என்று பொருள். பிள்ளைகள் பூஜ்யம்தான் வேண்டும் என்கிறார்கள். “பதினாறு மெகாபிட் லைன் இருக்கு, எதுக்கு தாத்தா அளந்து குடுக்கணும்?” என்பது அவர்கள் வாதம். அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அந்தப் பதினாறைப் பார்ப்போம். அது வீட்டுக்குள் வரும் டவுன்லோடு கணக்கு. சர்வரின் வேலையோ அனுப்புவது. யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டார் என்ற நிலவரத்தை ஒவ்வொருவருக்கும் விநாடிக்கு இருபது முறை, அதற்கு மேலும்கூட அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதற்கு வேண்டியது வெளியே போகும் அப்லோடு. தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணைப்பில் அப்லோடு பெரும்பாலும் சிறிய பங்குதான். எங்கள் வீட்டில் அது 1 மெகாபிட்.

பிரெஞ்சில் படித்த எங்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். இன்டர்நெட்டின் ‘வேகம்’ என்று மற்றவர்கள் சொல்வதை பிரெஞ்சில் ‘தெபி’ என்பார்கள். ஆற்றில் விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதற்கும் அதே சொல்தான். வேகம் என்று சொன்னால் எவ்வளவு கொடுத்தாலும் தாங்கும் என்று தோன்றுகிறது. தண்ணீர் என்று நினைத்தால், ஒரே வாய்க்காலை எத்தனை வயலுக்குத் திருப்புகிறோம் என்ற யோசனை தானே வரும்.

இந்த வரம்பு நேற்று முளைத்ததல்ல. 1996-ல் குவேக் என்ற விளையாட்டு வந்தது. தொலைபேசி மோடம் வைத்திருந்தவர்களால் அதை இன்டர்நெட்டில் ஒழுங்காக ஆட முடியவில்லை. அதை எழுதியவர்களில் முக்கியமானவரான ஜான் கார்மாக், அதே ஆண்டு டிசம்பரில் குவேக்வேர்ல்டு என்ற திருத்திய வடிவத்தை வெளியிட்டார். அதில் ஆடுகிறவர் தன் லைன் எவ்வளவு தாங்கும் என்பதை ‘ரேட்’ என்ற எண்ணாக சர்வருக்குச் சொல்லிவிடுவார். ஒன்றும் சொல்லாவிட்டால் விநாடிக்கு 2,500 பைட். அந்த நாளின் 28.8 மோடம் விநாடிக்கு 28,800 பிட் கடத்தும். எட்டால் வகுத்தால் 3,600 பைட். அந்த 3,600 முழுவதையும் நிரப்பாமல் கொஞ்சம் கீழேயே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கும் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

நிரப்பினால் என்ன கெட்டுவிடும்? லைன் கொள்ளாத பாக்கெட்டுகள் உடனே தொலைந்துபோவதில்லை. மோடத்துக்குள் வரிசையில் காத்து நிற்கும். முன்னால் நிற்பது போனால்தான் பின்னால் நிற்பது போகும். விளையாட்டில் கால் விநாடி தாமதமாக வரும் செய்தி, கல்யாணம் முடிந்து வந்து சேரும் வாழ்த்துத் தந்தி மாதிரி. எதிரி அந்த இடத்தை விட்டு எப்போதோ போயிருப்பான். வரிசை இன்னும் நீண்டால் மோடம் பாக்கெட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கீழே போடும்.

வரம்பு இருந்தால் அப்படியில்லை. சர்வரே ஒரு முறை அனுப்பாமல் நிறுத்தி, அடுத்த முறை அப்போதைய நிலவரத்தை அனுப்புகிறது. எதை விடலாம் என்பது விளையாட்டை நடத்தும் சர்வருக்குத் தெரியும். மோடத்துக்குத் தெரியாது. குறைவாக வந்தாலும் புதிய செய்தியாக வருகிறது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட விளையாட்டிலேயே வசதி இருக்கிறது. ‘நெட் கிராஃப்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் திரையில் ‘சோக்’, ‘லாஸ்’ என்று இரண்டு எண்கள் தெரியும். சோக் என்பது ரேட் வரம்பினால் சர்வர் நிறுத்தி வைத்தது. லாஸ் என்பது வழியில் தொலைந்தது. முன்னதற்கு ரேட் எண்ணைப் பார்க்க வேண்டும். பின்னதற்கு லைனைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பாகூர்ப் பக்கத்திலிருந்து செல்போன் டேட்டாவில் ஆடும் பையன் ஒருவன் இருக்கிறான். சண்டை சூடுபிடித்ததும் அவனுக்குப் படம் தாவித் தாவி வரும். உடனே மற்றவர்கள், “உன் நெட் சரியில்லடா, வெளிய போ” என்கிறார்கள். எல்லோரும் ஓரிடத்தில் கூடிச் சுடும்போதுதான் சர்வர் அதிகமாக அனுப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டு அப்லோடு அந்த நேரத்தில் நிரம்பி வழிந்தால் எல்லோருக்கும் இழுக்கத்தான் செய்யும். ஏற்கெனவே தாமதமான லைனில் இருப்பவனுக்கு அது முதலில் தெரிகிறது. பழியும் அவன் தலையில் விழுகிறது.

கணக்கு பெரிய கணக்கல்ல. 1 மெகாபிட் என்பது 10 லட்சம் பிட். எட்டால் வகுத்தால் 1,25,000 பைட். சர்வரில் எழுதுவது பைட், லைன்காரர் சொல்வது பிட். இந்த வகுத்தலை விட்டுவிட்டால் எல்லாமே எட்டு மடங்கு தப்பாகும். வீட்டின் மற்ற உபயோகத்துக்கும் பாக்கெட் உறைகளுக்கும் ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் மிச்சம் 1,00,000. பத்துப் பேர் ஆடினால் தலைக்கு 10,000. வரம்பில்லாமல் விட்டு, பத்துப் பேரும் 25,000 கேட்டால் 2,50,000 ஆகிறது. இருப்பதைப் போல இரண்டு மடங்கு.

உச்சவரம்புக்கு ஜோடியாக ‘எஸ்வி மின்ரேட்’ என்று ஒரு கீழ்வரம்பும் உண்டு. எனக்கு 4,000 போதும் என்று ஒருவர் கேட்டாலும், கீழ்வரம்பு 10,000 என்றிருந்தால் சர்வர் 10,000 வரை தள்ளும். நல்ல லைன்காரர்கள் இதை உபகாரம் என்று நினைத்து ஏற்றி வைக்கிறார்கள். பலவீனமான லைன்காரனுக்கு அது உபகாரமல்ல, அவன் வாசலில் வெள்ளம். அவன் கேட்ட அளவை மதித்து, கீழ்வரம்பைத் தாழ்வாகவே வைக்க வேண்டும்.

ஃபைபர் வந்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே என்கிறான் பேரன். ஃபைபர் வந்தால் எண் பெரிதாகும், வரம்பைத் தாராளமாக உயர்த்தலாம். ஆனால் புதிய விளையாட்டுகளும் கூடவே அதிகம் கேட்கின்றன. பின்னால் வந்த கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஒன்றில் விநாடிக்கு 64 முறை கணக்குப் போட்டு அனுப்புகிறார்கள். ஆகவே வகுத்தல் கணக்கு அப்போதும் இருக்கும்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இப்படி ஒரு சர்வர் வைத்திருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அப்லோடு எவ்வளவு? எத்தனை பேர் ஆடுகிறார்கள்? தலைக்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறீர்களா? மூன்றுக்கும் பதில் வைத்திருந்தால் தாராளமாக ஆடட்டும். பதில் இல்லாத வரைக்கும், தூரத்தில் இருக்கும் பிள்ளையின் லைனைக் குறை சொல்லி யாரையும் வெளியே அனுப்பக் கூடாது.