பெரட்டுக்களமும் மரபுரிமைதான்

கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996 முதல் நட்சத்திர ஹோட்டலாக இயங்குகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டியும் பொகவந்தலாவைப் பக்கத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில, 2005 தொடக்கம் வெளிநாட்டுச் செல்வந்தர்கள் வந்து தங்கும் விடுதிகளாகிவிட்டன. ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையில் 2001இலிருந்து தேயிலை அருங்காட்சியகம் நடக்கிறது. இடிந்துபோகவிருந்த கட்டடங்களைக் காப்பாற்றியது நல்ல காரியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, மலையகத்தின் மரபுரிமை என்றாலே துரையின் பங்களாவும் கம்பனியின் தொழிற்சாலையும்தான் என்றாகிவிட்டது தெரிகிறது. கொழுந்து பறித்த மக்கள் கூடிய, கும்பிட்ட, குழந்தைகளை விட்டுச்சென்ற இடங்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயம் கிராமமாக மாற வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் பேசுகிற இந்தக் காலத்திலேயே அந்த இடங்களைத் திருத்தி, மக்கள் பேருக்கு எழுதி, மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுத் திட்ட வேலையெல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிவைத்தால், அப்போது திருத்துவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

அந்த இடங்கள் எவை என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் தப்படித்து ஆட்களை அழைத்து, பேர் பதிந்து, இன்றைக்கு இன்ன மலை என்று பிரித்துக் கொடுத்த பெரட்டுக்களம். கைக்குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஏறிய பிள்ளைமடுவம். கொழுந்து நிறுத்த மடுவம். குளிப்பும் துவைப்பும் ஊர்க்கதையும் ஒன்றாக நடந்த பீலிக்கரை. தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்குக் காவலென்று தொழிலாளர் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ரோதமுனி. எல்லாவற்றுக்கும் மேலாகக் காமன் பொட்டல். மாசி மாதத்தில் அங்கே கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனும் லயம் லயமாக வாசலுக்கு வந்து ஆடி, கடைசி இரவில் தகனம் நடக்கும்வரை ஒரு தோட்டமே உறங்காமல் விழித்திருக்கும். மண் மேடும் நாலு கல்லும் தவிர அங்கே கட்டடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே அளவையாளரின் வரைபடத்தில் அது வெறும் தரிசாகத் தெரிகிறது. புதிய வீதிக்கோ வீட்டுத் திட்டத்துக்கோ முதலில் பறிபோவதும் அதுதான். பொட்டல் போனால் காமன் கூத்தை எங்கே வைத்து ஆடுவது, சிறுவர்கள் எங்கே நின்று பார்த்துப் பழகுவது என்ற கேள்வியை எந்தத் திட்ட அறிக்கையும் கேட்பதில்லை.

நம்மிடையே முன்மாதிரி இல்லாமலும் இல்லை. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் ஒரு பழைய லயத்தைத் திருத்தித் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. அந்த மக்கள் புழங்கிய பாத்திரங்களும் தொழிற்கருவிகளும் ஆவணங்களும் அவர்கள் வாழ்ந்த அதே காம்பராக்களில் இருக்கின்றன. நூறு நூல்கள் சொல்ல முடியாததைப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் ஒரு மாணவரை நிறுத்திவைத்தாலே சொல்லிவிடலாம். ஆனாலும் அருங்காட்சியகம் என்பது போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம். அதற்கு அடுத்த படியைத்தான் நாம் இன்னும் எடுத்துவைக்கவில்லை.

அந்தப் படி எப்படி இருக்கும் என்பதைப் பலஸ்தீனத்தில் காணலாம். ரமல்லாவில் 1991இல் தொடங்கப்பட்ட ரிவாக் என்ற அமைப்பு, முதலில் பல ஆண்டுகள் செலவிட்டுக் கிராமம் கிராமமாகப் பழைய கட்டடங்களைப் பதிவுசெய்தது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பதிவேட்டில் ஏறின. அவற்றில் பாதியளவு ஏறத்தாழ 50 கிராமங்களிலேயே இருப்பது தெரிந்ததும், தனித்தனிக் கட்டடங்களை விட்டுவிட்டு அந்தக் கிராமங்களின் நடுப்பகுதிகளை முழுதாகத் திருத்துவதில் இறங்கினார்கள். பிர்ஸெய்த் என்ற சிற்றூரில் நடந்த வேலைக்கு 2013இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. விருதைவிட அவர்கள் வேலைசெய்த முறைதான் நமக்கு வேண்டியது. உள்ளூர்க் கொத்தனாருக்கும் கூலியாளுக்கும் அதில் வருமானம் கிடைத்தது. மறந்துபோன கல் வேலையும் சுண்ணாம்பு வேலையும் திரும்பக் கைக்கு வந்தன. திருத்திய கட்டடங்கள் மக்கள் அன்றாடம் வந்துபோகும் பொது இடங்களாயின. காணி எந்நேரமும் பறிபோகலாம் என்ற நிலையில் வாழும் ஒரு சமூகம், தன் ஊரின் நடுமுற்றத்தைத் திருத்துவதை ஆடம்பரமாக நினைக்கவில்லை. மொரிசியஸிலும் இதேபோல ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. கூலிகளின் இறங்குதுறைக்கு அந்த மதிப்பு உண்டென்றால், நம்மவர்களின் பெரட்டுக்களத்துக்கு ஏன் இல்லை?

இதற்கு எழும் எதிர்ப்பில் மிக வலுவானது மலையக இளைஞர்களுடையது. லயம் நமக்கு அவமானச் சின்னம், அதை இடித்துத் தரைமட்டமாக்கினால்தான் விடிவு, அதையா பாதுகாக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்துப் போட்டதையும் பார்த்த பிறகு, எவரும் லயத்தில் வாழ வேண்டும் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆபத்தில்லாத இடத்தில் சொந்தக் காணியும் வீடும் முதலில் வேண்டும். ஆனால் எல்லா லயத்தையும் அடையாளமில்லாமல் துடைத்துவிட்டால், இந்த நாட்டில் இப்படித்தான் மனிதரை அடைத்துவைத்தார்கள் என்பதற்குச் சாட்சி எது? பங்களா மட்டும் பளபளப்பாக நிற்கும். வருகிறவர்கள் தேயிலையைத் துரையே பறித்தார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். ஒரு தோட்டப் பிரிவில் ஆபத்தில்லாத ஒரு லயத்தை வைத்து, நடுச்சுவரை எடுத்து, வாசிகசாலையாகவோ முன்பள்ளியாகவோ மாற்றினால் அவமானம் போய்விடும், சாட்சி நிற்கும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். லயத்தின் நெருக்கடி கொடுமையானது. அந்த நெருக்கடிக்குள்ளும் மக்கள் இஸ்தோப்பிலும் வாசலிலும் ஒரு பொது வாழ்க்கையை உண்டாக்கிக்கொண்டார்கள். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்ததும் அந்தப் பொது வாசல் இல்லாமல் போகிறது. அதற்கு ஈடாகப் புதிய குடியிருப்பில் கூடும் இடமொன்றை ஒதுக்காவிட்டால், வீடுகள் வரிசையாக நிற்கும், ஊர் இராது. பழைய இடங்களின் நினைவுக்காக ஏங்கும் மனம் மக்களிடம் இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் காலங்களில், மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டுகின்றன. அப்போது அங்கே திரளும் கூட்டமே அதற்குச் சான்று.

பணம் எங்கே, காணி யாருடையது என்பவை மிஞ்சும் கேள்விகள். காணி அரசுடையது. 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்தது முகாமைத்துவமும் பிறகு குத்தகையும்தான், உடைமையைக் கொடுக்கவில்லை. ஆகவே பொட்டலையும் பெரட்டுக்களத்தையும் பிள்ளைமடுவத்தையும் அளந்து, பொதுக் காணியாக விடுவிக்க அரசு மனம் வைத்தால் போதும். பணத்துக்கும் வழி உண்டு. தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்குத் தனிச் சபைகளும் கிடைத்துவிட்டன. அதிகாரம் வந்து ஆண்டுகளாகின்றன. இந்தச் சபைகள் முதலில் செய்ய வேண்டியது ரிவாக் செய்ததைத்தான். தோட்டம் தோட்டமாகப் போய், பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு, பொது இடங்களின் பதிவேடு ஒன்றை எழுத வேண்டும். 1940இல் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்ட முல்லோயாத் தோட்டமும், 1977இல் காணிப் பறிப்பை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு விழுந்த டெவன் தோட்டமும் அதில் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடக் கேட்டவர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே சபை உறுப்பினர்கள் இதற்கு ஒரு தொகையை ஒதுக்க வேண்டும்.