இசை தெரியாத பெற்றோரும் துணை நிற்கலாம்

சுதந்திர தினக் கொடியேற்றத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பேண்ட் குழு சீருடையில் அணிவகுத்து வரும்போது பெற்றோர் எல்லாரும் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். அதே பிள்ளை மறுநாள் மாலை வீட்டில் டிரம்பெட்டைக் கையில் எடுத்தால், “போதும், புத்தகத்தை எடு” என்று குரல் வருகிறது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, சீருடைக்குப் பணம் கட்டியதோடு தங்கள் பங்கு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். “எங்களுக்கு இசையே தெரியாதே, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. இந்தத் தயக்கம் தேவையே இல்லை. முதல் ஒரு வருடம் பயிற்சி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் பெற்றோர்தான் பேண்ட் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பலம். அதற்குப் பெற்றோர் சுரம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கேரி மெக்ஃபெர்சன் என்ற இசைக்கல்வி ஆய்வாளர், பள்ளி பேண்டுகளில் வாசிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய 157 குழந்தைகளை 1997 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். சக ஆய்வாளர் ஜேன் டேவிட்சனுடன் சேர்ந்து அவர்களுடைய தாய்மார்களிடமும் பேசினார். தொடக்கத்தில் பெரும்பாலான தாய்மார் “இன்று வாசித்தாயா?” என்று கேட்டு நினைவூட்டினார்கள். மாதங்கள் போகப் போக, பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று எண்ணியோ, தங்களால் தொடர்ந்து மல்லுக்கட்ட முடியாது என்று சலித்தோ சிலர் அதை நிறுத்திவிட்டார்கள். ஏழு, எட்டு வயதுக் குழந்தை தானாகவே தினமும் பயிற்சிக்கு உட்காரும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பல் துலக்கவும் வீட்டுப்பாடம் எழுதவும் அந்த வயதில் நாம்தான் நினைவூட்டுகிறோம். வாத்தியத்துக்கு மட்டும் “ஆர்வம் இருந்தால் தானே வாசிப்பான்” என்று ஒதுங்கிவிடுகிறோம். நினைவூட்டுவது வேறு, அதட்டுவது வேறு. நேரத்தைக் குறித்துக் கொடுத்து, அந்த நேரத்தில் டிவியை அணைத்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. தனியாக விடப்பட்ட குழந்தைகள் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிவிடுவதிலேயே கழித்தார்கள். நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. அணிவகுப்பு மெட்டின் மூன்றாவது வரியில் சைடு டிரம் வாசிக்கும் பெண் தடுமாறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வலது கை இரண்டு அடி, இடது கை இரண்டு அடி என்று மாற்றி மாற்றி உருட்டும் இடத்தில் இடது கை பின்தங்குகிறது. அவள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறாள், மறுபடி அங்கேயே தடுக்குகிறது. பக்கத்தில் இருக்கும் அப்பாவுக்குத் தாளம் தெரியாவிட்டாலும், எந்த இடத்தில் தடுக்குகிறது என்பது காதில் விழும். “அந்த வரியை மட்டும் மெதுவாக நாலு தடவை அடி, பிறகு சேர்க்கலாம்” என்று சொல்ல அது போதும். பயிற்சியின் முடிவில் அவளுக்குப் பிடித்த சினிமாப் பாட்டையும் வாசிக்க விட வேண்டும். அதே ஆய்வில் கிளாரினெட் வாசித்த ஒரு சிறுமி, ஆசிரியர் கொடுத்த பாடங்களைவிடத் தானே விரும்பிக் கேட்ட ஒரு பாட்டுக்குப் பல மடங்கு கவனமும் நேரமும் கொடுத்துப் பழகியது பதிவாகியிருக்கிறது.

“பேண்ட், பேண்ட் என்று போனால் மார்க் என்ன ஆகும்?” என்பது பெற்றோரின் முதல் கவலை. அதைத் தள்ளிவிட முடியாது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணைத்தான் பல குடும்பங்கள் நம்பியிருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியானது. பள்ளியில் இசை பயின்றவர்கள் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றிலும் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். குடும்பப் பொருளாதாரத்தையும் முந்தைய மதிப்பெண்களையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நீடித்தது. கருவி வாசித்தவர்களிடம் கூடுதலாகவே தெரிந்தது. இசையால்தான் மதிப்பெண் ஏறியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இசை மதிப்பெண்ணைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு அந்தப் புள்ளிவிவரத்தில் இடமில்லை. அரையாண்டுத் தேர்வு வாரத்தில் பயிற்சியைக் குறைப்பதில் தவறில்லை. பத்தாம் வகுப்பு என்பதற்காக ஜூன் மாதமே பிள்ளையைப் பேண்டிலிருந்து எடுப்பதற்குத்தான் காரணம் கிடையாது.

சத்தமும் செலவும் அடுத்த கவலைகள். அடுக்குமாடி வீட்டில் டிரம் அடித்தால் அக்கம்பக்கத்தார் வருவார்கள், உண்மைதான். ரப்பர் பயிற்சிப் பலகையில் அடித்துப் பழகினால் கை வேகமும் வரும், சத்தமும் அடங்கும். டிரம்பெட்டின் விரிந்த முனையில் சத்தத்தைக் குறைக்கும் மியூட் செருகலாம். புதிதாகப் பழகும் பிள்ளையின் உதட்டுத் தசை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால், ஊதும் கருவிகளுக்குத் தினமும் இருபது நிமிடம் என்பதே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஊதுவதைவிட மேல். எந்த அக்கம்பக்கத்தாரிடமும் மாலையில் இருபது நிமிடம் கேட்டு வாங்கிவிடலாம். கருவிகள் பெரும்பாலும் பள்ளியுடையவை. சொந்தமாக வாங்கும் முன் பேண்ட் மாஸ்டரிடம் கேட்பது நல்லது.

தனியாகக் கற்கும் இசைக்கு இல்லாத ஒரு பொறுப்பு பேண்டில் உண்டு. இரண்டு டிரம்பெட்காரர்களில் ஒருவர் வராவிட்டால் ஒத்திகையே கெடுகிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காக ஒத்திகை நாளில் பிள்ளையை அழைத்துப் போகும்போது மற்ற பிள்ளைகளின் உழைப்பையும் வீணாக்குகிறோம். இப்படிச் சேர்ந்து உழைக்கும் குழுக்களுக்காகக் குடியரசு தினத்தையொட்டி மத்தியக் கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் இணைந்து தேசிய அளவில் பள்ளி பேண்ட் போட்டி நடத்துகின்றன. மாணவிகளுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அந்த மேடை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது, கிடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கணக்கு ஆசிரியரைப் பார்த்த கையோடு பேண்ட் மாஸ்டரையும் பார்த்து, “வீட்டில் எதைப் பழகச் சொல்ல வேண்டும்?” என்று கேட்கலாம். வாரத்தில் சில மணி நேரம்தான் பிள்ளை அவர் கையில் இருக்கிறது. மீதி நாட்களின் பயிற்சிக்குப் பொறுப்பு வீட்டில் இருக்கும் நாம்தான்.