ஒரு வாரத்துக்கு எந்தத் தீவு?

தேவிகாபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு பட்டுத் தறி. மகளும் மருமகனும் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில். பேரனுக்கு மூன்று வயது. மகள் இப்போது மறுபடியும் நாலு மாதம், தையில் பிரசவம். ஆவணிக் கடைசியில் இவர் புறப்படுகிறார்.

“அவங்ககிட்ட ஏதோ டைம் ஷேர் இருக்காம். அதை மாத்திக்கிட்டு கரீபியன் தீவுக்கு ஐப்பசியில ஒரு வாரம் போகலாம், எந்தத் தீவுன்னு நீயே சொல்லும்மான்னு பொண்ணு கேக்கறா. எனக்குத் தெரிஞ்ச தீவு ராமேஸ்வரம் ஒண்ணுதான். நான் என்னத்தைச் சொல்ல?” என்று கேட்கிறார்.

கேள்வியில் தப்பே இல்லை, சகோதரி. முதலில் டைம் ஷேர் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு விடுதியில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை முன்பணம் கட்டி வாங்கிக்கொள்வதுதான் அது. சென்னையில் 1986-ல் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானலில் இப்படித்தான் வாரங்களை விற்றது. அதே இடத்துக்கே எத்தனை வருஷம் போவது? அதற்காக வந்தவைதான் மாற்று நிறுவனங்கள். அமெரிக்காவில் 1974-ல் தொடங்கிய ஆர்.சி.ஐ. அவற்றுள் ஒன்று. நம் வாரத்தை அங்கே ஒப்படைத்தால், வேறொருவர் ஒப்படைத்த வாரம் நமக்குக் கிடைக்கும். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. விமானச் செலவும் சாப்பாட்டுச் செலவும் நம்முடையதே. சில கரீபியன் விடுதிகளில், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஆளுக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுப் பணத்தைக் கட்டாயமாக வாங்கிவிடுவார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி தீவுக்கு வருவோம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் புயல் என்றால், அங்கே ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் கடைசி வரை புயல் காலம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை உச்சம். 2017 செப்டம்பரில் வந்த இர்மா, மரியா என்ற இரண்டு புயல்கள் பார்புடா, டொமினிகா, போர்ட்டோ ரிக்கோ முதலிய தீவுகளைப் புரட்டிப் போட்டுவிட்டன. வெனிசுலா கரையை ஒட்டியுள்ள அரூபா, பொனேர், குராசோ மூன்றும் புயலின் வழக்கமான பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருப்பவை. ஆகவே புயலை மட்டும் பார்த்தால் அரூபா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் உங்கள் மகள் பிள்ளைத்தாய்ச்சி. அங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

டெங்குவைப் பரப்பும் அதே பகல் கொசுதான் ஸிகா என்னும் நோயையும் பரப்புகிறது. 2015, 2016-ல் அது அமெரிக்கக் கண்டங்களில் பரவியபோது கரீபியன் தீவுகளையும் விடவில்லை. பெரியவர்களுக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தாலோ, வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியையே பாதிக்கக்கூடும். தடுப்பூசி கிடையாது. அதனால்தான் அந்த நோய் கண்ட ஊர்களுக்குப் போகுமுன் கர்ப்பிணிகள் டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். கணவன் மூலமாகவும் தொற்றும் என்பதால் “அவர் மட்டும் போய்வரட்டும்” என்பதும் சரிப்படாது. கொசுவத்தியை நம்பி எடுக்கும் முடிவல்ல இது.

என் யோசனை இதுதான். இந்த வருஷம் தீவு வேண்டாம். மாற்று வாரம் கடற்கரைக்குத்தான் என்று சட்டமில்லை. நியூ ஜெர்ஸிக்குப் பக்கத்திலேயே, பென்சில்வேனியாவில், போக்கனோ மலைகள் இருக்கின்றன. டைம் ஷேர் விடுதிகளும் உண்டு. காரிலேயே போய்விடலாம். ஐப்பசியில் அங்கே மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறும். உங்கள் வீட்டில் சாயம் தோய்த்த பட்டு நூலை உலர்த்தினாற்போல இருக்கும்! மகளுக்கு அலைச்சல் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அவளுடைய டாக்டர் எட்டிவிடும் தூரத்தில் இருப்பார்.

“அம்மாவுக்கு ஆசை காட்டிவிட்டு இப்போ வேண்டாம்னா எப்படி?” என்று மகள் தயங்கலாம். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். தாய் சொன்னால் மனசு சமாதானமாகும். இன்னொன்றும் சொல்லுங்கள். சமையலறையோடு கூடிய அறை எடுப்பது நல்லதுதான். ஆனால் ஏழு நாளும் அந்தச் சமையலறையிலேயே அம்மா நிற்பதற்கல்ல. ஒருவேளை மருமகன் சமைக்கட்டும், ஒருவேளை வெளியே சாப்பிடலாம்.

தீவு ஆசையைத் துடைத்துப் போட வேண்டாம். குழந்தைக்கு ஒரு வயதான பிறகு, புயல் இல்லாத ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போகலாம். அது எல்லோரும் கேட்கும் காலமாதலால் வாரத்தை ஒப்படைத்ததும், ஓரிடத்தையே பிடித்துக்கொண்டிராமல், மூன்று நாலு தீவுகளின் பெயரைக் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். போர்ட்டோ ரிக்கோவும் செயின்ட் தாமஸும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. அமெரிக்காவிலிருந்து அங்கே போக உங்களுக்கு வேறு விசா தேவையில்லை. மற்றத் தீவுகளென்றால் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வர உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைய இடம் தருகிறதா என்பதும் முக்கியம்.

பட்டியலில் மார்ட்டினிக், குவாதலூப் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 1853-லிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஜனங்கள் கப்பலேறிப் போன தீவுகள் அவை. மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே இருக்கிறது. அந்தத் தீவுப் பெண்கள் பண்டிகைக்குத் தலையில் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட துணிக்குப் பெயரே ‘மெட்ராஸ்’. நம் பக்கத்துத் தறிகளிலிருந்து கடல் கடந்து போன துணி! அதைக் கையில் எடுத்துப் பார்த்து, பாவு எது, ஊடை எது என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவிகாபுரத்துப் பாட்டியைவிட வேறு யாருக்குத் தெரியும்?