கண்குழி முறிவுக்கு டைட்டானியம் மெஷ்: அறுவை முடியும்வரை அரசே பொறுப்பேற்க வேண்டும்

எங்கள் நிலைப்பாடு

சாலை விபத்தில் கண்குழி எலும்பு உடைந்து, மருத்துவர் தேவை என்று தீர்மானித்தால், டைட்டானியம் மெஷ் (மெல்லிய உலோக வலை) வைத்து அதைச் சீரமைப்பதும் விபத்துச் சிகிச்சைதான். அதை அழகுக்கான அறுவையாகக் கருதக் கூடாது. விபத்து நடந்த நேரத்திலிருந்து மணிக்கணக்குப் பார்த்து இலவசச் சிகிச்சையை நிறுத்தாமல், இந்த அறுவை முடியும்வரை அரசு பொறுப்பேற்க வேண்டும்.

திட்டக்குடியிலிருந்து ஏன் பேசுகிறோம்

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம், திட்டக்குடி வழியாக வரும் சாலை தொழுதூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையைத் தொடுகிறது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களும், கல்லூரிப் பிள்ளைகளும், வயல்வேலை முடித்துத் திரும்புகிறவர்களும் பைக்கில் லாரிகளுக்கு நடுவே போய்வரும் சாலை இது. ஹெல்மெட் போடாதவர்கள் உண்டு. போட்டவர்களிலும் பலருடையது முகத்தை மூடாத அரை ஹெல்மெட். விழுந்தால் கன்னமும் கண்ணோரமும்தான் தரையில் மோதுகின்றன.

உடைவது எது, கெடுவது எது

கண்குழி ஏழு எலும்புகள் சேர்ந்து அமைந்தது. விளிம்பு தடிமனானது, தளமோ சுமார் அரை மில்லிமீட்டர்தான். மூக்கை ஒட்டிய உட்சுவர் அதைவிட மெல்லியது. பலமாக அடிபடும்போது விளிம்பு தாங்கிக்கொண்டாலும் தளம் உடைந்து, கண்ணைச் சுற்றிய கொழுப்பும் தசையும் கன்னத்தின் காற்றறைக்குள் இறங்கிவிடுகின்றன. 1957-இல் ஸ்மித், ரீகன் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு 'புளோ-அவுட்' முறிவு என்று பெயரிட்டார்கள்.

பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். கன்னம் மரத்துப்போகும். வீக்கம் வடிந்த பிறகு கண் உள்வாங்கியது தெரியவரும். இரட்டையாகத் தெரிகிறவர் சூளைமுன் நின்று வேலை செய்ய முடியாது, வண்டி ஓட்ட முடியாது, தையல் ஊசியில் நூல் கோக்க முடியாது. பிழைப்பே நின்றுபோகும் காயம் இது.

டைட்டானியம் மெஷ் ஏன்

முன்பு இடுப்பெலும்பிலிருந்தோ மண்டையோட்டிலிருந்தோ சிறு துண்டெடுத்துத் தளத்தில் வைப்பார்கள். அதற்கு உடம்பில் இன்னோர் இடத்தையும் கீற வேண்டும். வைத்த எலும்பு நாளடைவில் கரைவதும் உண்டு. டைட்டானியம் கரையாது, துருப்பிடிக்காது. உடல் அதை ஏற்றுக்கொள்ளும் என்பது 1965-இலிருந்து பல் இம்பிளான்ட்டுகளில் கண்ட உண்மை. மெல்லிய மெஷ்ஷைக் குழியின் வளைவுக்கேற்ப வளைத்துச் சிறு திருகுகளால் பொருத்தலாம். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை சி.டி. ஸ்கேனில் பார்த்துவிடலாம். பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பொதுவாகத் தடையில்லை. தளத்தின் பெரும்பகுதி உடைந்தவர்களுக்கு இதை ஆதரிக்கிறோம்.

ஆனால் எல்லா முறிவுக்கும் மெஷ் வேண்டியதில்லை. சிறிய முறிவு, கண் உள்வாங்கவில்லை, இரட்டைப் பார்வை தானாகக் குறைகிறது என்றால் காத்திருந்து கவனிப்பதே சரி. மெஷ்ஷின் துளைகளில் தசையும் கொழுப்பும் ஒட்டி, கண் அசைவு தடைபடுவதுண்டு. அப்போது அதை அகற்றுவதும் கடினம். வளரும் குழந்தைகளுக்குச் சிறிய முறிவுகளில் கரையும் தகடு பொருந்தலாம். இவற்றையெல்லாம் நோயாளிக்கு அறுவைக்கு முன்பே தமிழில் விளக்க வேண்டும்.

காலக்கெடுவில்தான் சிக்கல்

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அது காப்பாற்றிய உயிர்களுக்காக நன்றியோடு இருக்கிறோம். 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 7 நாள்வரை, 1.5 லட்சம் ரூபாய்வரையான சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இரண்டும் உயிர் காக்க வகுத்தவை.

பெரியவர்களுக்குக் கண்குழி அறுவையைப் பெரும்பாலும் வீக்கம் வடிந்த பிறகு, இரண்டு வாரத்துக்குள் செய்கிறார்கள். கண் உள்வாங்கியிருப்பதும் அப்போதுதான் புலப்படும். ஆக, அறுவைக்கு நேரம் வரும்போது முதல் திட்டத்தின் கெடு முடிந்திருக்கும். இரண்டாவதன் கெடுவும் முடிந்திருக்கக்கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பம் அந்த நேரத்தில் கடன் வாங்குகிறது, அல்லது அறுவையையே கைவிடுகிறது. மாதங்கள் கழித்துச் செய்தால் தழும்பு இறுகி, பலன் குறைகிறது.

எங்கள் கோரிக்கைகள்

1. மருத்துவர் முதல் 48 மணி நேரத்துக்குள் கண்குழி முறிவைப் பதிவு செய்துவிட்டால், அறுவை எந்த நாளில் நடந்தாலும் விபத்துச் சிகிச்சைத் திட்டமே மெஷ், திருகு உட்பட முழுச் செலவையும் ஏற்க வேண்டும்.

2. 2017-இல் இதய ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டு இம்பிளான்ட்டுக்கும் விலை உச்சவரம்பு வந்தது. முக அறுவைக்கான டைட்டானியம் தகடுகளுக்கும் மெஷ்ஷுக்கும் அது வர வேண்டும்.

3. வைத்த மெஷ்ஷின் நிறுவனம், பேட்ச் எண் கொண்ட ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தர வேண்டும்.

4. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் அருகருகே உள்ளன. கண் மருத்துவரும் முகத்தாடை அறுவை நிபுணரும் சேர்ந்து பார்க்கும் பிரிவை அங்கே நிறுவி, திட்டக்குடி, விருத்தாசலம் அரசு மருத்துவமனைகளை அதோடு இணைக்க வேண்டும்.

பொதுமக்களுக்கு

கண்ணோரம் அடிபட்டால் மூக்கைச் சிந்தாதீர்கள். காற்று கண்குழிக்குள் ஏறும். பார்வை மங்கினாலோ, கண் பிதுங்கி வலி கூடினாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை. அவர்களின் எலும்பு பொறிக்கதவு போலத் திறந்து மூடித் தசையைக் கவ்விக்கொள்ளும். கண் சிவக்காமல், வீங்காமல்கூட இருக்கலாம். மேலே பார்க்க முடியாமல் குழந்தை வாந்தி எடுத்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அது அவசர அறுவைக்கான அறிகுறி. பைக் ஓட்டுகிறவர்கள் முகத்தை முழுதும் மூடும் ஹெல்மெட்டையே வாங்குங்கள்.

இந்த அறிக்கையை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், கடலூர் மாவட்ட ஆட்சியருக்கும், எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புகிறோம். முதல் கோரிக்கைக்குப் புதிய கட்டடமோ புதிய திட்டமோ வேண்டாம். நடைமுறையில் உள்ள விதியில் ஒரு திருத்தம் போதும். அந்தத் திருத்தத்துக்கான அரசாணை வரும்வரை தொடர்ந்து வலியுறுத்துவோம்.